சுருதி இறக்காதவர்

அவருடைய பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இன்னும் இருக்கிற அவருடைய மருமக்களில் யாராவது ரெலிபோன் எடுத்து, மாமாவைப் பற்றி எழுத நீங்கள் யார் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர் கிற்றார் வாசித்த கோஷ்டியில் நான் ஓர்கன் வாசித்தேன். அந்தக் கோஷ்டியில் பாடியவர் என்னுடைய அண்ணா. அவ்வளவுதான் உறவு. இனி நான் 'அவர்' என்று எழுதினால் அது கிற்றார்காரர். பாடியவரை அண்ணா என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

அவரிடம் ஒரு பெரிய பிடிவாதம் இருந்தது. மற்றப் பிடிவாதங்கள் எல்லாம் அது போட்ட குட்டிகள். ஒரு பாட்டு எந்தச் சுருதியில் முதன்முதல் பாடப்பட்டதோ, அந்தச் சுருதியில்தான் அதை வாசிக்க வேண்டும். அரைப்படிகூட இறக்க மாட்டார். பாடுகிறவருக்குக் காய்ச்சல் என்றாலும் இறக்க மாட்டார், தொண்டையில் மீன்முள் சிக்கியிருந்தாலும் இறக்க மாட்டார். "பாட்டு அந்த உசரத்திலதான் இருக்கு. ஏலும்னா ஏறு, ஏலாட்டி கீழ நின்னு பாரு" என்பார். இதை அவர் கோபமாகச் சொல்வதில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்கு நேரம் சொல்கிற மாதிரிச் சொல்வார். அதனால்தான் கேட்கிறவருக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய கத்தோலிக்கக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு அவர்தான் கிற்றார். ஒருமுறை பங்குச் சுவாமியார், வயதான அம்மாமாருக்கு எட்டவில்லை, பாட்டை இரண்டு படி இறக்கி வாசியுங்கள் என்று தன்மையாகக் கேட்டிருக்கிறார். எட்டாத அம்மாமார் மனசுக்குள் பாடட்டும், கடவுளுக்கு அதுவும் கேட்கும்தானே என்றாராம் இவர். அடுத்த ஞாயிறு கிற்றார் இல்லாமல் வந்து கடைசி வாங்கில் உட்கார்ந்தார். அந்தச் சுவாமியாருக்கு இடமாற்றம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்தார். பூசையை ஒரு நாளும் தவற விடவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் தொடக்கத்தில் அண்ணாதான் அவரை வெள்ளவத்தைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீடு கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒரு லேனில். ரயில் போகும்போது அலுமாரிக் கண்ணாடி அதிரும். எனக்குப் பத்தொன்பது வயது. பியானோ படித்துக்கொண்டிருந்தேன். கோஷ்டிக்கு ஓர்கன் வாசிக்க ஆள் தேடுகிறார்கள் என்று அண்ணா சொன்னபோது அம்மா சம்மதிப்பார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அண்ணா கூடவே இருப்பார் என்றதால் விட்டார். அவர் அன்றைக்குத் தேத்தண்ணீரை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, "தங்கச்சி, ஏ மேஜர் புடிங்க" என்றார். அவருடைய தமிழ் கொட்டாஞ்சேனைத் தமிழ். நாங்கள் 'வாங்கோ' என்பதை அவர் 'வாங்க' என்பார். நான் ஏ மேஜரைப் பிடித்தேன். அந்தத் 'தங்கச்சி' எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஏன் பிடிக்கவில்லை என்பதை இந்த வயதில் சொல்வதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவர் என்னை வேறு எப்படியாவது கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவர் வேதக்காரர், நாங்கள் யாழ்ப்பாணத்துச் சைவக்காரர். அம்மாவின் கண் வேறு எங்கள் மேலேயே இருந்தது. ஆனால் அதெல்லாம் பிறகுள்ள கதை. முதலாவது தடை அந்தத் தங்கச்சிதான்.

சொந்தப் பாட்டு என்று எங்களிடம் ஒன்றுகூட இருக்கவில்லை. வானொலியில் போகிற பொப் பாட்டுகளை ஞாயிறு உட்கார்ந்து கேட்டு எழுதி, அடுத்த சனி கல்யாண வீட்டிலோ கார்னிவலிலோ வாசிப்போம். எல்லாருக்கும் பிடித்தது ஒரு கப்பல் பாட்டு. துறைமுகத்தில் வேலை செய்கிற ஒருவன், தான் ஏற முடியாத கப்பல்களை எண்ணிக்கொண்டு பாடுகிற பாட்டு. மூன்றாவது வரியில் அது மேலே ஏறி அங்கேயே நிற்கும். அந்த இடத்தில் அண்ணாவின் குரல் நிற்கிற அழகைப் பார்க்கவே சனம் சாப்பாட்டுப் பந்தியை விட்டு எழும்பி வரும். ஏ சுருதியில் பாடுவார். இருபத்தைந்து வயதில் அது அண்ணாவுக்குத் தண்ணீர் குடிக்கிற மாதிரி.

எண்பத்து மூன்றுக் கலவரம் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டது. பேஸ் கிற்றார் வாசித்தவர் கப்பலில் யாழ்ப்பாணம் போய் அங்கிருந்து ஜேர்மனிக்குப் போனார். இவருடைய வீட்டில் பாதி எரிந்தது. கிற்றாரும் அந்தப் பாதியில் இருந்தது. நாலைந்து மாதம் ஆளைக் காணவில்லை. பிறகு ஒரு நாள் பின்னேரம் எங்கள் படலைக்கு வெளியே வேறு ஒரு கிற்றாரோடு நின்றார். என்ன நடந்தது என்று அம்மா கேட்கக் கேட்க, ஒன்றுமில்லை அம்மா, ஒன்றுமில்லை அம்மா என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் போன பிறகு அம்மா குசினிக்குள் போய் அழுதார். நான் அழவில்லை, ஆள் உயிரோடு வந்ததே போதும் என்று இருந்தது.

புறக்கோட்டையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் அவருக்கு வேலை. சட்டைப் பையில் எப்போதும் ஓர் இசைக்கவை இருக்கும். இரண்டு பல் உள்ள சின்ன இரும்பு. முழங்காலில் தட்டிக் காதருகே பிடித்தால் ஏ என்ற சுரம் கேட்கும். யுத்தம் முற்றிப்போன காலத்தில், கொழும்பில் சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்தபோது, அந்த இரும்பு ஒரு நாள் அவரை மாட்டிவிட்டது. ஆமிக்காரப் பையன் அதைக் கையில் எடுத்து இது என்ன என்று கேட்டிருக்கிறான். 'மேக்க ஸ்வரயக், மஹத்தயா' என்று இவர் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார், இது ஒரு சுரம் ஐயா என்று. இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவன் சுரம் என்றால் எந்த ஆமிக்காரன் நம்புவான்? ஜீப்பின் பொனற்றில் தட்டிக் காட்டினாராம். பையன் சிரித்துவிட்டான், மேலதிகாரி சிரிக்கவில்லை. எங்கள் டிரம்காரர் நிஹால் போய், இந்த ஆளைச் சின்ன வயதிலிருந்து தெரியும், விசர் கொஞ்சம் இருக்கிறதே தவிர வேறு ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் விட்டார்கள். வெளியே வந்ததும், நிஹாலின் டிரம் அரைப்படி கூட நிற்கிறது என்று குறை சொன்னாராம். நிஹால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நான் அந்த இடத்தில் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவேன்.

அண்ணாவுக்குக் கனடா சரிவந்தது தொண்ணூறுகளின் நடுவில். அண்ணியும் பிள்ளைகளும் முன்னமே ரொறன்ரோவுக்குப் போய்விட்டார்கள். ஸ்பொன்சர் கடிதத்துக்காக அண்ணா மட்டும் காத்திருந்தார். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அண்ணா பாடி அந்தப் பிள்ளைகள் கேட்டதே இல்லை, அதுகள் வளரும்போது கோஷ்டி இல்லை. போகிறதுக்கு முதல் பழைய பாட்டுகளில் ஆறை ஒரு கசற்றில் பதிந்துகொண்டு போக வேண்டும் என்று அண்ணாவுக்கு ஓர் ஆசை பிடித்தது. "பிள்ளையளுக்கு நான் ஆரெண்டு தெரிய வேணும்" என்று என்னிடம் சொன்னார். வேறு யாரிடமும் அப்படி வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்.

எங்கள் வீட்டு முன்னறையில் பழகத் தொடங்கினோம். இவர், அண்ணா, நிஹால், நான். பேஸ் வாசிக்க ஆள் இல்லாததால் அந்த வேலையும் என் இடது கைக்கு வந்தது. என்னிடம் லண்டனிலிருந்து வந்த ஒரு மின் கீபோர்ட் இருந்தது. இவர் அதைப் பெட்டி என்பார். ஐந்து பாட்டு ஒருவாறு சரிவந்தது. கப்பல் பாட்டில் மூன்றாவது வரி வரும்போது அண்ணாவின் கழுத்து நரம்பு புடைக்கும், குரல் உடையும். தடிமன் என்பார். அடுத்த கிழமை தூசி என்பார். நான் கொத்தமல்லி அவித்துக் கொடுத்தேன், மிளகும் கற்கண்டும் கொடுத்தேன், ஆவி பிடிக்க வைத்தேன். வயதுக்கு எந்தக் கடையில் மருந்து விற்கிறார்கள்?

ஜீக்கு இறக்கினால் என்ன, இரண்டு அரைப்படிதானே என்று ஒரு நாள் நானே கேட்டுவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. இது ஏயில் உள்ள பாட்டு, தங்கச்சி என்று மட்டும் சொன்னார். எனக்கு வந்த கோபத்தில் கீபோர்ட்டைத் தூக்கி அவர் தலையில் போட்டிருப்பேன். ஆனால் அதைவிடப் பெரிய ஆச்சரியம் அண்ணாதான். அண்ணா என்னைப் பார்த்து முறைத்தார். இத்தனை வருடம் இறக்காமல் பாடினேன், போகிற நேரத்தில் இறக்கச் சொல்கிறாயா, அதைவிடப் பாடாமல் போகலாம் என்றார். இரண்டு பேரும் சேர்ந்து ஒற்றைக் காலில் நின்றார்கள். நிஹால் குச்சியைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்க் கடலைப் பார்த்தார்.

அடுத்த கிழமையும் உடைந்தது. அண்ணா மைக்கை மெதுவாக மேசையில் வைத்தார். கசற் வேண்டாம், விடுவோம் என்றார். பிறகு உள்ளே போய்த் தன்னுடைய பெட்டியை எடுத்து உடுப்பு அடுக்கத் தொடங்கினார். விசா வர இன்னும் எத்தனையோ நாள் இருந்தது. அந்தப் பெட்டி கட்டிலுக்கு மேல் திறந்தபடியே கிடந்ததைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, அண்ணா விசா மெடிக்கலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவர் வந்தார். கடைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் லீவு போட்டு நான் கண்டதில்லை. கிற்றாரை உறையிலிருந்து எடுத்து மடியில் வைத்தார். தந்திகள் புதிதாக இருந்தன, வழக்கத்தைவிடத் தடிப்பம்.

"தங்கச்சி, உங்க பெட்டியில சுருதி மாத்துற பட்டன் ஒண்ணு இருக்குதானே?"

"ஓம், இருக்கு."

"ரெண்டு தரம் கீழ அமத்துங்க. அண்ணாவுக்குச் சொல்ல வேணாம்."

அப்போதுதான் விளங்கியது. ஆறு தந்தியையும் இரண்டு அரைப்படி இறக்கிக் கட்டியிருந்தார். இறக்கினால் தந்தி தளர்ந்து சலசலக்கும், அது கேட்காமல் இருக்கத்தான் தடிப்பமான தந்தி. விரல் ஏ மேஜரைப் பிடிக்கும், வருகிற சத்தம் ஜீயாக இருக்கும். அண்ணா எப்போதும் அவருடைய இடது கையைப் பார்த்துக்கொண்டுதான் பாடுவார். பாட்டு எங்கே திரும்புகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் அண்ணாவுக்கு அந்த விரல்களில்தான் இருந்தது. விரல் பழைய இடத்தில் நின்றால் அண்ணாவுக்குச் சந்தேகம் வராது. நிஹாலுக்குச் சொல்லத் தேவையில்லை என்றார், டிரம்முக்கு எந்தச் சுருதியும் ஒன்றுதான்.

நான் பட்டனை அமத்தினேன். இருவரும் கப்பல் பாட்டை ஒருமுறை வாசித்துப் பார்த்தோம், பாடகர் இல்லாமல். என் விரலும் ஏயில்தான் போனது, சத்தம் வேறு எங்கேயோ கீழே கேட்டது. சுவாமியாருக்கு இறக்காதவர், எனக்கு இறக்காதவர், அண்ணாவுக்காக இறக்கிவிட்டார். அதை யாரும் அறியக்கூடாது என்று தந்தி மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அந்த நேரம் அண்ணா மேல் பொறாமையாக இருந்தது. உண்மையைத்தான் சொல்கிறேன்.

தெஹிவளையில் ஒரு சின்ன ஸ்ரூடியோவில் ஒரு சனிக்கிழமை காலை பதிந்தோம். சுவர் முழுக்க முட்டை மட்டை ஒட்டியிருந்தது. கடைசி முயற்சி என்று சொல்லி அண்ணாவைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போனோம். மூன்றாவது வரி வந்தது. அண்ணா அவருடைய விரல்களைப் பார்த்தார், கண்ணை மூடினார், ஏறினார், நின்றார். நிற்கிறார், நிற்கிறார், குரல் உடையவே இல்லை. முடிந்ததும் சத்தம் போட்டுச் சிரித்தார். கொத்தமல்லி வேலை செய்கிறது என்று என் தலையைத் தடவினார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவரோ குனிந்து கிற்றாரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்தியா மச்சான், ஏலும்னு சொன்னேன்தானே என்று துடைத்தபடியே சொன்னார்.

அண்ணா போனார். வீடு பெரிதாகிவிட்டது. அம்மாவும் அதற்கு முதலே போய்ச் சேர்ந்திருந்தார். நான் பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். அண்ணா ஞாயிற்றுக்கிழமைகளில் ரெலிபோன் எடுப்பார். கிற்றார்காரரின் வீட்டில் போன் இல்லை, அதனால் பூசை முடிந்ததும் பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வருவார், மீன் வைத்த மாலு பணிஸ் வாங்கிக்கொண்டு. நான் கிழமை முழுக்க அந்த ஞாயிற்றுக்காகத்தான் இருந்தேன். அண்ணா எடுக்கப் பிந்தினால் நல்லது என்று நினைத்த நாள்களும் உண்டு.

ஒரு ஞாயிறு அவர் வந்து சேர முதலே போன் அடித்தது. அண்ணா சுகம் விசாரிக்கவில்லை. முதல் நாள் அங்கே ஒரு மண்டபத்தில் விழாவாம். தமிழ்ப் பொடியன்கள் சிலர் பாண்ட் வைத்திருக்கிறார்கள். கசற்றைக் கேட்டுவிட்டு, கப்பல் பாட்டை அங்கிளே வந்து பாட வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கசற்றைப் பார்த்து ஜீயில் பழகி வைத்திருக்க, அண்ணா சிரித்து, நான் இந்தப் பாட்டைப் பாடத் தொடங்கிய காலத்தில் நீங்கள் பிறக்கவே இல்லை, இது ஏ என்று சொல்லி மாற்ற வைத்திருக்கிறார். மூன்றாவது வரியில் உடைந்தது. சரி, திரும்ப என்று தொடங்கினார். திரும்பவும் உடைந்தது. சனம் மரியாதைக்குக் கை தட்டியது. சின்ன மகள் முன்வரிசையில் இருந்து தலையைக் குனிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து கசற்றைப் போட்டு, பொடியன்களிடம் வாங்கிக்கொண்டு வந்த கீபோர்ட்டில் ஒவ்வொரு சுரமாக அமத்திப் பார்த்திருக்கிறார்.

"நீயும் தெரிஞ்சுதானே வாசிச்சனி?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.

"இனி நான் பாடமாட்டன். அவனுக்கும் சொல்லிவிடு."

அந்த நேரம் அவர் படலையைத் திறந்துகொண்டு வந்தார், கையில் பணிஸ் பையோடு. என் முகத்தைப் பார்த்ததும் பையை வைத்துவிட்டு ரிசீவரை வாங்கினார். தங்கச்சியை ஏசாதே, நான் சொல்லித்தான் செய்தது என்று முதலில் சொன்னார். பிறகு கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணாவின் சத்தம் ரிசீவருக்கு வெளியே எனக்கும் கேட்டது, சொற்கள் கேட்கவில்லை. அவருடைய முகத்தில் ஈயாடவில்லை. மெல்ல மெல்லச் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்தார். ஐம்பது தாண்டிய மனிதர், சப்பாத்தும் கழற்றவில்லை. மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"மச்சான், ஏ உனக்கு ஏலாது" என்றார். "இப்ப இல்ல, பத்து வருசமா ஏலாது. எனக்கு முதல்லயே தெரியும். உன் முகத்தப் பார்த்துச் சொல்ல எனக்கு ஏலாமப் போச்சு."

அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. வெளியே ரயில் ஒன்று போய் முடியும்வரை அவர் காத்திருந்தார்.

"ஜீயும் உனக்கு இனிக் கஷ்டம். எஃப்புக்கு வா. நானும் வாறேன்."

அண்ணா போனை வைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். திடீரென்று அவர் என்னைப் பார்த்துக் கையால் கூப்பிட்டார், பக்கத்தில் வந்து உட்காரச் சொல்லி. உட்கார்ந்தேன். ரிசீவரை இருவருடைய காதுக்கும் நடுவில் பிடித்தார். அவருடைய நெற்றி என் நெற்றியில் பட்டது. அத்தனை வருடத்தில் அவ்வளவு கிட்ட நான் அவரிடம் இருந்ததில்லை.

அண்ணா பாடிக்கொண்டிருந்தார். கிற்றார் இல்லை, ஓர்கன் இல்லை, தாளம் இல்லை. பந்தியை விட்டுச் சனம் எழும்பி வந்து கேட்ட குரல் இல்லை இது. மூச்சு இடையில் அறுகிறது, அடியில் ஒரு கரகரப்பு. மூன்றாவது வரி வந்தபோது அவருடைய இடது கை தரையில் தானாக ஏதோ ஒரு கிற்றார்க் கோர்டைப் பிடித்தது. அண்ணா ஏறினார், ஏறி அங்கே நின்றார்.

"எஃப்பும் இல்ல. அதுக்கும் கீழ பாடுறான்" என்றார் அவர் மெதுவாக. "நல்லாருக்கு, இல்லியா?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். பாட்டில் இன்னும் இரண்டு சரணம் இருந்தது. அண்ணா ஒன்றையும் விடாமல் பாட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.